புகை வாடை

அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்கள் மேல்மலை ஊருக்கு ஜீப்பில் வந்து இறங்கியபோது காபி போட்டுக் கொடுத்தவள் நான்தான். மலைப்பூண்டு மொத்தத்தையும் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தோண்டிய மறுநாள் வண்டி வரும், வடுகபட்டி சந்தைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போய்த் தரகர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம். பதிலுக்கு ஒன்றே ஒன்று, வெளியே ஒரு கிலோகூட விற்கக் கூடாது. ஒரு ஏக்கர் பூண்டுதான் எங்கள் வருஷத்து வெள்ளாமை. வீட்டுக்காரர் யோசித்தார். நான்தான் நச்சரித்துக் கையெழுத்துப் போட வைத்தேன்.

தோண்டினோம். வண்டி வரவில்லை. போன் செய்தால், "வந்துட்டே இருக்குக்கா" என்றான் கம்பெனியின் ஃபீல்டு ஆபீசர். என் கடைசித் தம்பி வயது இருக்கும். மூன்று வாரம் வந்துகொண்டே இருந்தது.

மேகம் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. ஈரத்தில் கிடந்தால் பூண்டு அழுகிவிடும். கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை போட்டால்தான் நிற்கும். மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பரணில் இடம் போதாமல் மாட்டுக் கொட்டகையிலும் கழி கட்டினோம். விறகு எரித்து எரித்து என் கண் கோவைப்பழமாகிவிட்டது. கம்பெனிக்குக் கொடுப்பதாயிற்றே, ஒரு பல்கூடக் கெடக் கூடாது என்று மற்ற வருஷங்களைவிட நன்றாகவே புகை போட்டேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருவழியாக அவன் வந்தான். பூண்டுக் கட்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான்.

"என்னக்கா, புகை வாடை அடிக்குது? இது மருந்துக்குப் போறது. எடுக்க மாட்டாங்க."

"புகை போடாம எப்படித் தம்பி நிக்கும்? நீங்கதான மூணு வாரம் காக்க வச்சீங்க?"

"புகை போடக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல இருக்குக்கா."

இருந்தது. ஏழாம் பக்கத்தில், இங்கிலீஷில்.

"அப்ப வடுகபட்டியிலயாச்சும் போட்டுக்கிறோம். வெளிய விக்கலாம்னு ஒரு லெட்டர் குடுத்துட்டுப் போங்க" என்றார் வீட்டுக்காரர். அதை ஹெட் ஆபீஸ்தான் தர வேண்டுமாம். அது இல்லாமல் விற்றால் கேஸ் போடுவார்களாம்.

லெட்டர் வர மாதக்கணக்காகிவிட்டது. புகை போட்ட பூண்டும் எத்தனை நாள்தான் தாங்கும்? முளைவிட்டு, உள்ளே சக்கையாகிவிட்டது. வாரிக் குப்பைக்குழியில் கொட்டினோம். வீட்டுக்காரர் அடுத்தவர் காட்டில் கேரட் பிடுங்கப் போனார். இப்போதும் போகிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதெல்லாம்கூட ஆறிப்போகும். ஒன்று மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது. பூண்டை எடுக்க மாட்டார்கள் என்று சொன்ன அன்றைக்கு, ஜீப்பில் ஏறப் போனவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"அக்கா, வீட்டுக்கு ரெண்டு கட்டு குடுங்களேன். எங்கம்மாவுக்கு இப்படிப் புகை போட்டதுதான் பிடிக்கும்."

நான் பரணில் ஏறி, பெரிய பல்லாகப் பார்த்து ரெண்டு கட்டு எடுத்து, பையில் போட்டுக் கொடுத்தேன்.