கடிதத்தில் வந்த விளையாட்டு

எனக்கு வீடியோ கேம் விளையாட வராது. அதைப் பற்றி வாசிக்கவும் பேசவும் நன்றாக வரும். இதைச் சொல்ல நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. கண்ணால் பார்த்திராத ஒரு விளையாட்டில், யாராலும் தாண்ட முடியாத ஒரு கட்டத்தைத் தாண்ட வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

எண்பதுகளின் நடுவில் இலங்கையின் லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டேன். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் நீண்ட அறை அது. பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருவார்கள். அந்த நேரத்தில்தான் எனக்கு வந்த கடிதங்களைச் சத்தமாக வாசிப்பேன்.

எழுதியவள் பதுளையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கடைவீதியில் வளர்ந்த முஸ்லிம் பெண். கணவர் இறந்தபின் மகனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முதல் இரண்டு கடிதங்களில் அழுகை மட்டுந்தான். மூன்றாவது இப்படித் தொடங்கியது: "அழுதது போதும். இனி வேற ஏதாவது எழுதுறேன்."

அந்த வேற ஏதாவதுதான் டீவி கேம். அந்த வீட்டுப் பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. டீவியோடு ஒரு பெட்டியை மாட்டி, கையில் ஒரு பிடியை வைத்துக்கொண்டு விளையாடுவானாம். திரை முழுக்க மண். மேலே மண்வெட்டியோடு ஒரு குட்டி மனிதன். மண்ணுக்குள் அங்கங்கே பச்சைக் கற்கள். அவன் வெட்டிக்கொண்டே போய் அவற்றைப் பொறுக்க வேண்டும். நடுநடுவே பாறைகளும் இருக்கும். பாறைக்கு அடியில் மண்ணை வெட்டிவிட்டால் அது தலையில் விழுந்து ஆள் செத்துப்போவான். மூன்று உயிர்தான்.

இதை வாசித்து முடித்தேன். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுக்க வரும் ஒரு அக்காவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"அப்ப இவன் கான் வெட்டுற ஆளுன்னு சொல்லு!"

மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டுகிற கால்வாய்க்குத்தான் எங்கள் ஊரில் கான் என்று பெயர். அந்த அக்காவின் கணவர் அந்த வேலைதான் பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் குட்டி மனிதன் எங்களுக்குக் கான்வெட்டி ஆனான்.

கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. தோழி கோடு போட்டு, கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பினாள். பையன் படித்துவிட்டுப் போட்ட ஆங்கில கேம் பத்திரிகையின் பக்கங்களையும் மடித்து வைத்தாள். அவற்றை நான் பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ இருந்து, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டோம், எப்படித் தப்பினோம் என்று பத்திரிகைக்கு எழுதியிருந்தார்கள். அதை வாசிக்கும் சுகத்துக்கு ஈடாக எனக்கு அப்போது வேறெதுவும் இல்லை. வாசித்ததை மறுநாள் பத்து மணிக்குச் சொல்வேன். பெண்கள் மலைக்குத் திரும்பப் பிந்துவதைப் பார்த்துக் கங்காணி வாசலில் வந்து நின்று கத்துவார்.

"பால் குடுக்கப் போனா பால மட்டும் குடுத்துட்டு வாங்கம்மா! அங்க என்னா கச்சேரி?"

நான்காவது கட்டத்தில் எல்லாம் நின்றுபோனது. அதில் பாறைகள் வரிசையாக நின்றன. பச்சைக் கற்கள் எல்லாம் அவற்றுக்கு அடியில். எப்படி வெட்டினாலும் ஏதாவது ஒன்று தலையில் விழுகிறது என்று தோழி எழுதியிருந்தாள். பத்திரிகையிலும் அதற்கு வழி இல்லை. நான் படத்தைத் தரையில் விரித்தேன். அக்கா பிள்ளையை மடியில் வைத்தபடி குனிந்து பார்த்தாள்.

"எங்கருந்து வெட்ட ஆரம்பிக்கிறான்?"

"மேலருந்துதாங்க்கா."

"மடப்பய. கானு வெட்டுறவன் எவனாச்சும் மேலருந்து வெட்டுவானா? கீழருந்து வெட்டிக்கிட்டே மேல ஏறணும். அப்பதான் வர்ற தண்ணி வெட்டுன வழியா ஓடும். இல்லாட்டி குழிக்குள்ளயே நிக்கும்."

"இங்க தண்ணி இல்லக்கா. பாறாங்கல்லு."

"கல்லுக்கும் விழுறதுக்கு ஒரு எடம் வேணும்ல? மொதல்ல ஓரமா எறங்கி அடிக்குப் போகச் சொல்லு. அங்க பெரிய பள்ளமா வெட்டிப் போட்டுட்டு, தள்ளி நின்னு கல்ல அதுக்குள்ள விழ வைக்கச் சொல்லு. அப்புறம் பச்சக் கல்ல ஆற அமர பொறுக்கலாம்."

அதை அப்படியே எழுதினேன். படமும் வரைந்தேன். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உறையைப் பிரித்ததும் முதல் வரியே பெரிய எழுத்தில் இருந்தது: "தாண்டிட்டோம்!" அக்கா தன் பிள்ளையைத் தூக்கிப்போட்டுப் பிடித்தாள். அன்று கங்காணி இரண்டு தடவை வந்து கத்தினார்.

இரண்டு வருடம் கழித்துத் தோழி ஊர் திரும்பினாள். ஒரு சின்ன டீவியும், பையன் புதிது கிடைத்ததும் அவளிடம் கொடுத்துவிட்ட பழைய கேமும் அவளோடு வந்தன. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி எழுதினாள். நானும் அக்காவும் பதுளை பஸ் ஏறினோம்.

கடைவீதிக்குப் பின்னால் அவள் தாயின் வீடு. "வாங்க, இரிங்க" என்று அந்தம்மா தேத்தண்ணி கொடுத்தார். தோழி டீவியைப் போட்டாள். மண் வந்தது. கான்வெட்டியும் வந்தான்.

என் மனதில் அவனுக்கு முகம் இருந்தது. கிழிந்த சட்டையும், கல் விழும்போது நெஞ்சில் ஒரு பயமும் இருந்தன. திரையில் அவன் நகத்தளவு வெள்ளைப் புள்ளி. பிடியை என் கையில் கொடுத்தார்கள். தேத்தண்ணி ஆறும் முன்பே மூன்று உயிரும் போய்விட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. மறுபடி விளையாட ஆசையும் வரவில்லை. "நீ ஆடு, நாங்க பாக்குறோம்" என்று தோழியிடம் நீட்டினேன்.

அவள் இரண்டாவது கட்டத்திலேயே செத்தாள். அவளுக்கும் இது பழக்கமில்லை என்று, பிடியை அவள் பிடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாலாவது கட்டத்தத் தாண்டுனேன்னு எழுதுனியே?"

"தாண்டிட்டோம்னுதான் எழுதுனேன். வேணும்னா கடிதத்த எடுத்துப் பாரு." பிடியைக் கீழே வைத்தாள். "அந்த வீட்டுப் பையன் என்னை இதத் தொட விடமாட்டான். நான் பின்னால நின்னு துணி அயன் பண்ணிக்கிட்டே பாப்பேன். அவ்வளவுதான்."

எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அவள் தொடர்ந்து சொன்னாள். என் படத்தை அவனிடம் காட்டியிருக்கிறாள். முதலில் சிரித்தானாம். அப்புறம் அதன்படி ஆடிப் பார்த்தான். கட்டம் தாண்டியதும் பிடியைப் போட்டுவிட்டுத் திரும்பி, இதை யார் சொன்னது என்று கேட்டான். எங்கள் ஊரில் தேயிலை எடுக்கிற ஒரு அம்மா என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கே மாட்டினாலும், அவர்களுக்கு எழுது என்று அவனே காகிதம் கொண்டுவந்து கொடுப்பானாம். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது மட்டும் பிடியை அவள் கையில் கொடுத்து, படுத்துக்கொண்டே வழி சொன்னான். அவள் தோற்கத் தோற்கச் சிரித்தானாம்.

"அந்த வீட்டுல என்கிட்ட அவன் ஒருத்தன்தான் பேசுவான்" என்றாள். "அதுவும் இதப் பத்தி மட்டுந்தான்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பிடியைத் தொடாமல் நானும் அவளும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். அவள் அங்கே இருந்து, நான் இங்கே இருந்து. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பய நல்லாருக்கானா இப்ப?"

"நல்லா இருக்கான்க்கா. உங்களக் கேட்டான்."

மிச்சப் பகலில் தோழியின் மகன் பிடியை வாங்கிக்கொண்டான். அவன் விரல் மின்னலாக ஓடியது. நாங்கள் மூவரும் பாயில் உட்கார்ந்து வழி சொன்னோம். எல்லாக் கட்டமும் எங்களுக்கு மனப்பாடம். ஆறாவதில் மட்டும் ஒரு இடத்தில் நானும் அக்காவும் ஒத்துப்போகவில்லை. இடதுபக்கம் இறங்க வேண்டும் என்றாள் அவள். வலதுபக்கந்தான் என்றேன் நான். அந்தப் பிள்ளை இரண்டையும் ஆடிப் பார்த்து, இரண்டிலும் செத்தான்.

திரும்பும் பஸ்ஸில் மழை. அக்கா பனிபடிந்த கண்ணாடியில் விரலால் ஆறாவது கட்டத்தின் பாறைகளை வரைந்தாள். நான் அழித்து வேறு மாதிரி வரைந்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். லுணுகலையில் இறங்கும்வரை விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு பேரும்.