ஊதல் சார்

கடற்கரையில் பிறந்து கடலுக்குப் பயந்தவர் காயாரோகணம். அவருடைய அப்பா அமிர்தலிங்கம் நாகப்பட்டினத்தில் துறைமுகப் படகு ஓட்டியவர். பினாங்கிலிருந்து வரும் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அங்கிருந்து படகில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மகனை ஒருமுறை கூட்டிப் போனார். அலை ஏறி இறங்கியபோது பையன் படகின் அடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "இவன் கரைக்குத்தான் ஆவான்" என்று சொல்லிப் படிக்க வைத்துவிட்டார்.

ஓர் ஐப்பசியில் சரக்குப் பெட்டி ஒன்று தவறித் தண்ணீரில் விழுந்தது. உள்ளே இங்கிலீஷ் இசைத்தட்டுகள். உப்புத்தண்ணீர் பட்டது வேண்டாம் என்று உரியவர் விட்டுப் போக, அமிர்தலிங்கம் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தார். கூத்தாநல்லூர் மீரா உசேன் சைகோனில் துணிக்கடை வைத்திருந்து திரும்பியவர். தன்னிடமிருந்த பழைய கிராமபோனைப் பையனுக்குக் கொடுத்தார். தட்டுகள் கரகரத்தன. அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து டிரம்பெட் ஒன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிளம்பியபோது, அடுப்பில் மீன் தீய்ந்தது கூடத் தெரியாமல் காயாரோகணம் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவின் தென்பகுதியில் ஓர் ஆற்றுத்துறை நகரத்தில் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசை அது என்றும், சவத்தை எடுத்துப் போகும்போது மெல்லவும் அடக்கம் முடித்துத் திரும்பும்போது துள்ளலாகவும் வாசிப்பார்கள் என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். அதோடு அது அவரைப் பிடித்துக்கொண்டது.

வயது முப்பத்தைந்தைத் தாண்டியபோது திருச்சி வானொலி நிலையத்தில் ஞாயிறு மாலை அரைமணி நேரம் கிடைத்தது. பழைய ஜாஸ், பழைய மேற்கத்திய மெல்லிசை, நடுநடுவே தமிழில் விளக்கம். வாரத்தின் மற்ற நாட்களில் கீழ்வேளூர் உரக்கிடங்கில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை தட்டுப்பெட்டியோடு ரயிலேறி, திங்கட்கிழமை திரும்புவார். ஒலிவாங்கிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் ஒவ்வொரு முறையும் நாக்கு வறளும். எழுதி ஒப்புதல் வாங்கிய தாளைத் தவிர ஒரு சொல் கூடுதலாகப் பேசியதில்லை.

மனைவி ராசம்மாள் பனையடிமங்கலத்தில் டீச்சர். ஓடம்போக்கி ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். ஊராட்சிப் பூங்காவில் ஒரு ரேடியோவும் கம்பத்தில் ஒலிபெருக்கியும் உண்டு. "எங்க வீட்டுக்காரர் பேசுறதைக் கொஞ்சம் போடுங்களேன்" என்று ஊராட்சி எழுத்தர் உலகநாதனிடம் ராசம்மாள் கேட்டு வைத்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் கிராம நிகழ்ச்சிக்கு முன்பே அவர் ரேடியோவைத் திறந்துவிடுவார். டிரம்பெட் கேட்டதும் ஊர்க்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள். 'ஊதல் சார்' என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் தெற்குத் தெருவிலிருந்து வரும் விவசாயத் தொழிலாளிகள் மட்டும் போவதில்லை. ஒலிபெருக்கிக்கு அடியிலேயே நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். இது காயாரோகணத்துக்குப் பெரிய சந்தோஷம்.

நடவுப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த ராமாயியிடம் ஒருநாள் ஆசையாகக் கேட்டார்.

"பாட்டு பிடிச்சிருக்கா?"

"ஒண்ணும் வெளங்கலைங்க சார்" என்றாள் ராமாயி. "ஆனா நல்ல சத்தங்க."

அவர் சிரித்துக்கொண்டார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆட்சி மாறி மூன்றாவது சம்பா அறுவடை அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தொழிலாளிகள் ஒரு பக்கம். வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்போம் என்று மிராசுதார்கள் மறுபக்கம். முந்தின வருஷத்து மார்கழியில் அந்த வட்டாரத்தில் குடிசையோடு மனிதர்களை எரித்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. வைக்கோல் போர் பற்றினாலே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

தை மாதத்து ஒரு சனிக்கிழமை. ரயில் திருவாரூரில் நின்றபோது பனையடிமங்கலத்துப் பண்ணையின் காரியக்காரர் அரசப்பன் ஏறி, காயாரோகணத்துக்கு எதிரே உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கூட வந்த ஆள் கதவருகே நின்றுகொண்டான்.

"சார், நாளைக்கு உங்க நிகழ்ச்சி உண்டுல்ல?"

"உண்டுங்க."

"போன மாசம் ஒரு வாரம் வரலையே. வேற ஏதோ போட்டாங்க."

"இந்த வாரம் நிச்சயம் உண்டுங்க. நீங்களும் கேக்குறீங்களா?"

அரசப்பன் சிரித்தார். "நான் எங்க கேக்குறது? தெற்குத் தெருக்காரங்கதான் கேக்குறாங்க. உங்க சத்தத்துக்குள்ள குந்திக்கிட்டு சங்கக் கூட்டம் போடுறாங்க. அவங்க பேசுறது பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூட விழாது. உங்களுக்குத் தெரியாதா?"

காயாரோகணத்துக்குத் தெரியாது. ராமாயி சொன்ன 'நல்ல சத்தம்' இப்போதுதான் புரிந்தது. காது சூடேறியது.

"உங்க மேல தப்பு இல்லை" என்றார் அரசப்பன், தோளில் கை வைத்து. "நாளைக்குக் கடைசிப் பாட்டுங்களை மட்டும் நல்லா சத்தமானதா போடுங்க. டிராக்டர் வர்றது கேக்கக் கூடாது. கூட்டம் கலையாம இருக்கணும். அவ்வளவுதான்."

"என் சம்சாரமும் அங்கதாங்க உக்காந்திருப்பா."

"டீச்சரம்மாவை நாங்க பாத்துக்குறோம்."

பார்த்துக்கொள்வது என்றால் எப்படி? தஞ்சாவூரில் இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தார். கதவருகே நின்றவன் நகரவில்லை. "டீ வேணுமா சார்? நான் வாங்கியாறேன்" என்றான். காயாரோகணம் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

திருச்சியில் அவர் தங்கும் விடுதிக்கு எதிரே வெற்றிலைபாக்குக் கடையில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். போலீசுக்குப் போகலாம், ஆனால் உள்ளூர் இன்ஸ்பெக்டர் பண்ணை வீட்டில் சாப்பிடுகிறவர். தந்தி கொடுக்கலாம், பனையடிமங்கலத்துத் தபாலாபீஸ் இருப்பதே பண்ணையின் முன்கட்டில். ஒவ்வொரு வழியாக யோசித்து ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டு நின்றார். ஞாயிறு மதியம் சோறு இறங்கவில்லை. நிலையத்துக் குழாயில் முகம் கழுவியபோது மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் தட்டைப் போட்டார். மெதுவான பாட்டாகவே எடுத்திருந்தார்; டிராக்டர் வந்தால் அவர்கள் காதில் விழட்டும் என்று. பாதியில் உறைத்தது: டிராக்டர் காதில் விழும் நேரத்தில் எழுந்து எங்கே ஓடுவது? பூங்காவுக்கு மூன்று பக்கமும் வாய்க்கால்.

இரண்டாவது பாட்டுக்கு முன், தாளில் இல்லாத ஒரு வாக்கியத்தை நுழைத்தார். "இந்த இசையை வாசித்தவர்கள், தங்களைத் தாக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் உடனே கலைந்து போய்விடுவார்களாம்." கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். காயாரோகணத்துக்கு வேர்த்தது. சொல்லிவிட்டோம், போதும் என்று ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு ராசம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் கேட்பது புருஷன் குரலைத்தான்; அவர் சொல்லும் சேதியை ஒருநாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் அதைக்கூடக் கேட்பதில்லை. அவர்களுக்கு அது சத்தம்.

தட்டின் மேலிருந்து முள்ளைத் தூக்கினார். கரகரப்பும் நின்றது. ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தார். வானொலித் தமிழ் வாயில் வரவில்லை.

"ராசம்மா, நான்தான் பேசறேன். எழுந்திரு. ராமாயி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே போயிடுங்க. பண்ணை ஆளுங்க டிராக்டர்ல வர்றாங்க. அடிக்க வர்றாங்க. உக்காராதீங்க, ஓடுங்க."

விளக்கு அணைந்தது. எங்கோ வேறு அறையிலிருந்து வீணை வாசிப்பு ஒன்று போக ஆரம்பித்தது. அதிகாரி கதவைத் திறந்தபோது காயாரோகணம் மேசைக்கடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவை நிலையத்தின் காவலாளி அறையில் கழித்தார். அதிகாரி நல்ல மனிதர். மறுநாள் ஸ்டேஷன்வரை நிலையத்து ஆள் ஒருவரைத் துணைக்கு அனுப்பி ரயிலேற்றிவிட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது ஏறினால் காயாரோகணம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழ்வேளூரில் இறங்கி வரப்பு வழியாக நடந்தார். என்ன கேட்கப் போகிறோமோ என்று வழியில் யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. எதிரே வந்தவர்களும் அவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கினார்கள். அது இன்னும் பயமாக இருந்தது.

பூங்காவில் கம்பம் சாய்ந்து கிடந்தது. ஒலிபெருக்கி நசுங்கிப்போய் வாய்க்காலில் கிடந்தது. ரேடியோ அறைக் கதவைக் காணோம்.

வீட்டு வாசலில் ராசம்மாள் நின்றாள். புடவை முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. அவரைக் கண்டதும் அழவில்லை, கோபப்பட்டாள்.

"ஊர் முழுக்கக் கேக்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களே!"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குரல் கேட்டதும் ராமாயிதான் முதலில் எழுந்தாளாம். அறுக்காமல் நின்ற கதிருக்குள் இறங்கி, வாய்க்காலை நீந்தி, எல்லோரும் தப்பிவிட்டார்கள். டிராக்டரில் வந்தவர்களுக்கு ஆளில்லாத பூங்காதான் கிடைத்தது. ஆனால் உலகநாதன் அறையைப் பூட்டுவதற்காக நின்றிருக்கிறார். அவருடைய வலது கையை முறித்துவிட்டார்கள். அந்தக் கை பிறகு நேராகவே இல்லை. காயாரோகணம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "என் பேரையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்" என்றார் உலகநாதன்.

வானொலி நிகழ்ச்சி போயிற்று. தாளில் இல்லாததைப் பேசியது குற்றம், அவரும் மறுக்கவில்லை. ராசம்மாள் மாற்றல் வாங்க, நாகப்பட்டினத்துக்கே குடிவந்தார்கள்.

விஷயம் அதோடு ஓயவில்லை. ஊராட்சி ரேடியோவை உடைத்தது தொழிலாளிகள்தான் என்று ராமாயி மேலும் வேறு சிலர் மேலும் வழக்குப் போட்டார்கள். உண்மையைச் சொல்லச் சாட்சி வேண்டும். உலகநாதன் சொல்கிறேன் என்றார். அரசப்பன் ரயிலில் பேசியதைச் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. ராமாயி வீடு தேடி வந்தபோது காயாரோகணம் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். ராசம்மாள்தான் உட்கார வைத்துப் பேசினாள். ராமாயி போகும்போது, "பயமா இருந்தா வேணாம்னு சொல்லுங்க டீச்சரம்மா. எங்களுக்கும் பயந்தான்" என்று அவருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் கோர்ட்டுக்குப் போனார். கூண்டில் ஏறியதும் குரல் எழும்பவில்லை. "உரக்கச் சொல்லுங்கள்" என்று நீதிபதி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் குடிகாரர் என்றார், பைத்தியம் என்றார். அரசப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காயாரோகணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயிலில் கேட்டதைக் கேட்டபடியே சொல்லி முடித்தார். ராமாயியையும் மற்றவர்களையும் விடுதலை செய்தார்கள். கையை முறித்தவர்கள் மேல் கடைசிவரை வழக்கே பதிவாகவில்லை.

தீர்ப்பன்று மாலை ராசம்மாளோடு டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினார். இரண்டு நிறுத்தம் தள்ளி அரசப்பன் ஏறி, அவருக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தில் சந்தனம் காய்ந்து உதிர்வது தெரியும் அளவுக்கு நெருக்கம். காயாரோகணத்தின் கால் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. ராசம்மாள் தன் கைப்பையை அவர் மடியில் வைத்து, அதன்மேல் கையை அழுத்திக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தது.

"எழுந்திருங்க" என்றாள்.

அவர் எழுந்து, அரசப்பனைக் கடந்து, இறங்கினார்.