புதன்கிழமை டாக்டரம்மா

குருவம்மாளின் மகள் செல்லக்கனி பேதியில் செத்தபோது அவளுக்கு மூன்று வயது. எழுபத்திரண்டாம் வருஷம், சித்திரை. பரளச்சி ஊருணியில் கலங்கல்தான் மிச்சமிருந்தது. ஒன்றரை நாளாகப் பிள்ளை "தண்ணி, தண்ணி" என்றே கிடந்தது. "குடுத்துராத. குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றது தெருவே. குருவம்மாள் தண்ணீர்ச் செம்பைப் பிள்ளையின் கண்ணில் படாமல் அடுக்குப்பானைக்குப் பின்னால் வைத்தாள். மறுநாள் உச்சியில் அந்தக் குரல் நின்றது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை சாயங்காலம், பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோக் குழாயில் ஒரு பெண் டாக்டர் பேசினார். பருத்தி எடுத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்த குருவம்மாளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றித்தான் பிள்ளை சாகிறது. கொதித்து ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் அளவாகப் போட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்."

பேச்சு முடிந்து பாட்டுப் போட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. புருஷன் மொக்கையன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"நமக்கு அன்னைக்குத் தெரியாதுல்ல, புள்ள."

"அவ தண்ணி கேட்டது தெரியும்ல" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு புதனையும் விடவில்லை. சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் முதலில் போனாள். இதை ரெண்டு வருஷம் முந்திச் சொல்ல வாயில்லையா என்று அந்தக் குழாயைப் பார்த்து நிற்பாள். போகப்போகக் கோபம் அடங்கிப் பாடம் மட்டும் நின்றது. எழுதத் தெரியாது. கேட்டதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருவாள்.

அடுத்த கோடையில் அதே தெரு மாரிக்கனியின் மகனுக்குப் பேதி. குருவம்மாள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும் கரண்டியுமாகப் போய் நின்றதும் மாரிக்கனியின் மாமியார் மறித்தாள்.

"ஒம் பிள்ளையத் தின்னுட்டு எம் பேரன்கிட்ட வாரியா?"

"ஆமா, தின்னுட்டேன். அதான் சொல்றேன், தண்ணியக் குடுங்க."

மாரிக்கனி கரண்டியை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. பிறகு இன்னும் இரண்டு வீட்டில் பிழைத்தார்கள்.

பூமிநாதனின் ஆறு மாதக் குழந்தை பிழைக்கவில்லை. ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் மடியில் வைத்துப் புகட்டியும் அவள் கையிலேயே அடங்கியது. "ரேடியோவக் கேட்டு எம் பிள்ளையக் கொன்னுட்டா" என்று பூமிநாதன் அவளைத் தெருவில் இழுத்துவிட்டான். ஊருணிக்கரையில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

ரேடியோ டாக்டரம்மாவுக்கு ஒரு கார்டு எழுதச் சொல்லி செல்வதுரை வாத்தியாரிடம் போனாள். நடந்ததைச் சொல்லி, கடைசியில், "நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேளுங்க சார்" என்றாள்.

ஐந்து புதன் போயிற்று. ஆறாவது புதனில் அந்தக் குரல் கார்டைப் படித்தது. "பரளச்சி அம்மாவுக்குச் சொல்கிறேன். ரத்தமாகப் போனாலோ, கண் செருகினாலோ இந்தத் தண்ணீர் மட்டும் போதாது. கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது."

ஆபீஸ் வாசலில் பூமிநாதனும் இருந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஐப்பசியில் மேலத்தெருப் பிள்ளை ஒன்றுக்கு ரத்தம் கண்டது. குருவம்மாள் பருத்தி லாரியை மறித்து, வழியெல்லாம் புகட்டிக்கொண்டே அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனாள். அது பிழைத்தது. பூமிநாதன் வீட்டார் மட்டும் கடைசிவரை அவளோடு பேசவில்லை. அதை அவள் குறையாக யாரிடமும் சொன்னதில்லை.