மாகறலுக்குப் போன ரேடியோ

குமாரவேலால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், திடீரென்று கையை உதறிவிட்டு முன்னறைக்குப் போய்விடுவார். பிள்ளையார்பாளையத்து வீட்டின் அந்த முன்னறைதான் அவருடைய ரேடியோ ரிப்பேர் கடை. பின்கட்டில் தறி. அதில் மனைவி அம்சவேணி நெய்வாள்.

பட்டாளத்தில் வயர்லெஸ் மெக்கானிக்காக இருந்தவர். அறுபத்தைந்தாம் வருடச் சண்டையில் பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே குண்டு விழுந்தது. உடம்பில் கீறல்கூட இல்லை. காது மட்டும் கொஞ்சம் மந்தம் என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு பங்குனி மாதம் மாகறலிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரதராஜன் வந்தார். ஊர்ப் படிப்பகத்துக்கு ரேடியோ வேண்டும்; அங்கே இன்னும் கரண்ட் இல்லை.

"பேட்டரி செட்டு ஒண்ணு வாங்கினோம்பா. ரெண்டு வாரத்துல பேட்டரி தீந்துடுது. அதுவும் எந்தப் பக்கம் திருப்பினாலும் மெட்ராஸேதான் பேசுது. சிலோன் வெச்சா அதுக்குள்ளயும் மெட்ராஸு. மழைக்காலத்துல ஆத்துல வெள்ளம்னா சேதி தெரியணும். வயசுப் பசங்களுக்குப் பாட்டும் வேணும். ஒரே செட்டுல எல்லாம் வரணும்."

"செஞ்சி குடுத்துடறேங்க" என்று குமாரவேல் உடனே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று புரிந்தது.

சிக்கல் முதல் டிரான்சிஸ்டரில் இருந்தது. எல்லா ஸ்டேஷனும் வர வேண்டுமானால் அதன் வாசலை அகலமாகத் திறந்து வைக்க வேண்டும். திறந்து வைத்தாலோ பலமான மெட்ராஸ் முதலில் புகுந்து மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அதைத் தாங்கிக்கொள்ள டிரான்சிஸ்டருக்குக் கூடுதல் கரண்ட் கொடுக்கலாம். ஆனால் பேட்டரி செத்துப்போகும். சிக்கனமாகக் கொடுத்தால் மெட்ராஸ் ஜெயிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் வைகாசி முழுக்க அல்லாடினார். கம்பியைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

கடைசியில் வழி பிடிபட்டது. டிரான்சிஸ்டருக்கு முன்னாலேயே ஒரு காயிலையும் கண்டென்சரையும் சேர்த்து வைத்தார். மெட்ராஸை மட்டும் அது வெளியிலேயே பிடித்து நிறுத்திவிடும். அதற்குப் பேட்டரியும் செலவாகாது. மெட்ராஸ் கேட்க வேண்டும் என்றால் அந்தத் தடுப்பை விலக்கிவிட ஒரு சின்ன சுவிட்ச். நான்கு டார்ச் பேட்டரியில் செட் ஓடியது. சிலோன் தெளிவாகப் பாடியது. அம்சவேணி தறியை விட்டு எழுந்து வந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

குமாரவேல் சிரிக்கவில்லை. "விசில் அடிக்குது, கேக்கல?"

"எங்க?"

"பின்னாடி. சன்னமா. கீச்சுனு."

அவளுக்குக் கேட்கவில்லை. காது மந்தமானாலும் ரேடியோ விஷயத்தில் அவருக்குத்தான் நுணுக்கம் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள்.

அன்று தொடங்கியது. செட்டைப் பிரிப்பார், டிரான்சிஸ்டரை மாற்றுவார், பூட்டுவார், விசில் இருக்கும். அம்சவேணியின் அண்ணன் கலியாணசுந்தரம் அடுத்த தெருவில் பட்டு நூல் முறுக்கும் மிஷின் வைத்திருந்தார். அந்த மோட்டாரின் தீப்பொறிதான் காரணம் என்று குமாரவேல் செட்டும் கையுமாக அங்கே போய் நின்றார்.

"மச்சான், மோட்டார கொஞ்சம் நிறுத்துங்க."

"வேல நடந்துக்கினு இருக்குதே மாப்ள."

"நிறுத்துங்கன்றேன்!"

மனிதர் போட்ட சத்தத்தில் வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலியாணசுந்தரம் மோட்டாரை நிறுத்தினார். விசில் நிற்கவில்லை. பிறகு டியூப் லைட்டைச் சந்தேகப்பட்டார், தெருக்கம்பியைச் சந்தேகப்பட்டார், கோயில் பக்கத்து மைக் செட்டுக்காரனிடம் போய்ச் சண்டை போட்டார். ஆடி போய்விட்டது. வரதராஜன் இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

"கரண்டு கம்பியே இல்லாத எடத்துக்குப் போலாம் வா" என்று ஒருநாள் காலை அம்சவேணியைக் கிளப்பினார். பஸ் மாறித் திருமுக்கூடலுக்குப் போய், பாலாற்று மணலில் வெகுதூரம் நடந்தார்கள். செட்டை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். இவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இங்கயும் அடிக்குதே. அதே விசில்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவுமா அடிக்குது?"

"ஆமா. நல்லா கேக்குது."

"செட்ட அப்பவே அணைச்சிட்டேங்க."

குமாரவேல் நின்றார். செட்டைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாக உருவி மணலில் போட்டார். விசில் அடித்துக்கொண்டே இருந்தது.

குண்டு விழுந்த அன்றிலிருந்து இத்தனை வருடமும் அது அவர் காதுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பகலில் ரேடியோக்கள், இரவில் மச்சானின் மோட்டார் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டார். செட்டை அங்கேயே வைத்துவிட்டு ஆற்றோடு நடக்கத் தொடங்கினார். அவள் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. நெடுநேரம் கழித்து, காலெல்லாம் மணலாக வந்து உட்கார்ந்தார்.

"இனிமே எந்த செட்ட நம்பி நான் ரிப்பேர் பண்றது? எது செட்டு சத்தம், எது என் சத்தம்னே தெரியாதே அம்சா."

"எனக்குத் தெரியுமில்ல? நான் கேட்டுச் சொல்றேன். நீங்க செய்ங்க."

பேட்டரிகளின் மணலைத் துடைத்து அவளே போட்டாள். செட்டைப் பாடவிட்டு, காதோடு ஒட்டி வைத்து டயலை மெல்லத் திருப்பினாள். ஓரிடத்தில் கை நின்றது. "இங்க பாட்டுக்கு அடியில யாரோ பேசற மாதிரி இருக்குது. மெட்ராஸா?"

மெட்ராஸ்தான். டயலின் ஒரு மூலையில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இல்லாத விசிலைத் துரத்திய வேகத்தில் இருந்த குற்றம் அவர் கவனத்துக்கு வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து காயிலைத் திருத்தினார். டிரான்சிஸ்டருக்குத் துளி கரண்ட் கூட்டினார். அவள் கேட்டு, "போதும்" என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ…"

"போதும்னேன்." கம்பி பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடு ஆறுமுன்னே எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஆவணியில் செட் மாகறல் போனது. ஐப்பசியில் ஊரை ஒட்டி ஓடும் செய்யாற்றில் தண்ணீர் ஏறும் என்று அதில் சேதி வந்ததும், கரையோரத்து வீட்டுக்காரர்கள் மாட்டையும் மூட்டையையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். தை பிறந்த பிறகும் அதே பேட்டரியில் ஓடுகிறது என்று வரதராஜனே வந்து சொன்னார். தங்களுக்கும் அப்படி ஒரு செட் வேண்டும் என்ற பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்.

மெட்ராஸில் காது டாக்டரைப் பார்த்தார்கள். குண்டு வெடித்ததில் காது நரம்பு அடிபட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் அவர். குமாரவேல் அதற்காக அமைதியான மனிதராகிவிடவில்லை. இரவில் புரண்டார், சாப்பாட்டில் பாதியில் எழுந்தார், காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். மச்சானிடம் மட்டும் போய் மன்னிப்புக் கேட்டார். கலியாணசுந்தரம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு செட்டுகள் தொடர்ந்து செய்தார். ஒவ்வொன்றையும் கடைசியாகக் கேட்டது அம்சவேணி. அவள் வேண்டாம் என்றால் இரவோடு இரவாகப் பிரிப்பார். போதும் என்றால், கை துறுதுறுத்தாலும், மூடியைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கி ஒரு நடை போய்வருவார்.