கண்ணுக்குக் கீழே சுழி

வேலம்பாளையத்தில், என் பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லாயத்தில் காலையில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. வருகிற ஞாயிறு குதிரை வண்டிப் பந்தயம். அந்த வாசம் என்னைக் குண்டடத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே அய்யன் வெந்த கொள்ளைப் பிசைந்து, உருண்டை பிடித்து எங்கள் குதிரை ராணிக்கு ஊட்டுவார். அவள் பிடரியில் முகம் புதைத்தால் வேர்வையும் வேப்பெண்ணெயும் மணக்கும். பந்தயம் நெருங்கிய ஒருநாள், எங்களிடம் தோற்றே பழகிய பங்காளிப் பெரியப்பா வந்தார். ராணியின் முகத்தைத் தடவி உச்சுக்கொட்டினார்.

"தம்பி, கண்ணுக்குக் கீழ சுழி இருக்குது பாரு. ஊட்டுல அழுகை நிக்காது."

"ஏனுங்கண்ணா, நெசமாலுமா?" அய்யன் குனிந்து சுழியைத் தேடினார்.

அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அய்யன் வந்த விலைக்கு ராணியை ஒரு தரகரிடம் தள்ளிவிட்டார். பந்தயத்தன்று அவள் பெரியப்பாவின் வண்டியில் பூட்டப்பட்டு முதலாவதாக வந்தாள். எங்களைக் கண்டதும் கனைத்தாள். பெரியப்பா மாலையோடு சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார். அய்யன் அதற்குப் பிறகு குதிரையே வாங்கவில்லை.

நான் வாங்கினேன். கண்ணுக்குக் கீழே சுழி இருப்பதாகவே தேடித் தேடி வாங்கினேன். இப்போது மூன்று நிற்கின்றன.

கொள்ளை இறக்கும்போது பெரியப்பாவின் மகன் உள்ளே வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியும் ஓடுகிறது. என் குதிரையின் முகத்தை உற்றுப் பார்த்து, அப்பனைப் போலவே உச்சுக்கொட்டினான்.

"அக்கா, சுழி இருக்குதுங்களே."

"இப்பவே நல்லாப் பாத்துக்க கண்ணு," என்றேன். "ஞாயித்துக்கெழமை உனக்கு வாலு மட்டுந்தான் தெரியும்."