பொதுமி யாரையும் நம்புவதில்லை

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் கேட்ட ஆளைப் பொதுமி ஏற இறங்கப் பார்க்கிறாள். கூடையை மூடிவிடுகிறாள். "மீன் தீந்துபோச்சு." உள்ளே கெண்டை துள்ளும் சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்கிறது. அவன் போனதும், "மீன் வாங்க வந்த மூஞ்சியா அது? கண்ணு பூரா காட்டுப் பக்கமே இருக்கு" என்கிறாள்.

பிரம்மபுத்திரா வெள்ளம் காட்டுக்குள் புகுந்துவிட்ட மாதம் இது. மேடு தேடிக் காண்டாமிருகங்கள் ஊர்ப்பக்கம் ஏறி வரும். கொம்பு தேடி ஆட்களும் வருவார்கள். போன வெள்ளத்தில் கொம்பறுபட்டுக் கிடந்த ஒன்றை முதலில் பார்த்தவள் இவள்தான். மூச்சு இருந்ததாம். அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

ஆற்றுக்கரை மேட்டில் அவள் கடை. கறுப்புத் தேநீர், பொரித்த மீன், தெரிந்தவர்களுக்குச் சோற்றுக் கள். "யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்பதற்குப் பதில் சொன்னால்தான் அடுப்பு எரியும். நான் இவ்வூர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்த புதிதில், நாணலைப் பார்த்தபடி தனியாக நடந்தேன் என்று வனக்காவலர் ஹேமகாந்திடம் பிடித்துக் கொடுத்தாள். "புல்லப் போயி எவன்யா சும்மா பாப்பான்?" அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஹேமகாந்தையும் விடுவதில்லை. "புது பூட்ஸு போட்டிருக்கான். யாரு குடுத்தா?"

இன்று தாயும் குட்டியுமாக இரண்டு காண்டாமிருகங்கள் கீழண்டை வாழைத்தோப்பில் படுத்திருக்கின்றன. காவலர்கள் துப்பாக்கியோடு மறைந்திருக்கிறார்கள். ஆயுதத்தோடு நுழைகிறவனை முதலில் சுடுவார்கள், பிறகுதான் பெயர் கேட்பார்கள்.

மதியம் அவள் அக்கா மகன் திலேஸ்வர் படகில் வந்து, அதன் கயிற்று வளையத்தைக் கடையோரக் குட்டைக் கம்பில் மாட்டினான். கூட வந்தவன், தார்ப்பாயில் சுற்றிய நீளமான ஒன்றைப் படகிலேயே விட்டு இறங்கினான்.

"சித்தி, தாயும் புள்ளையும் எந்தப் பக்கம் படுத்திருக்கு? போட்டோ எடுக்கத்தான்."

"படகுல என்னடா?"

"தூண்டில்."

"ஓடுற வெள்ளத்துல தூண்டில் போடற வம்சமாடா நாம?"

திலேஸ்வர் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை.

"சரி, உக்காருங்க. சாப்ட்டுட்டுப் போங்க."

தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். பொதுமி சட்டியைத் துழாவிப் பெரிய மீன்தலையாக எடுத்துத் திலேஸ்வர் தட்டில் வைத்தாள். குழம்பு ஊற்ற அவர்கள் பின்னால் போனவள், கால் விரலால் கயிற்று வளையத்தைக் கம்பிலிருந்து நெம்பிவிட்டாள். தார்ப்பாயில் சுற்றியதோடு படகு சத்தமில்லாமல் விலகி நடு ஆற்றுக்குப் போனது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "முள்ளுடா, மெதுவாத் தின்னு" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.