ரெட்டைப்பூட்டு எடுத்து வைத்த நகல்

எந்த வேலையையும் இரண்டு தடவை சரிபார்ப்பதால் அவளுக்கு அலுவலகத்தில் ரெட்டைப்பூட்டு என்று பெயர். ஆஸ்பத்திரி மருந்துச்சீட்டில் எது கட்டாயம், எதை விடலாம் என்று கணினிக்குச் சொல்லும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை எழுதுவது அவள் வேலை. போன மாதம் 'ஒவ்வாமை' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கியிருந்தாள். சின்ன வயதில் ஒரு ஊசிக்குத் தம்பியின் முகம் வீங்கி மூச்சு அடைத்ததைப் பார்த்தவள் அவள்.

இன்று மருத்துவரின் தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்துக் கம்பைல் செய்தாள், அதாவது எழுதியதைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றினாள். பிழை ஒன்றும் இல்லை. வழக்கம்போல, வேண்டுமென்றே தப்பாக எழுதிய சீட்டு ஒன்றைச் சோதனைக்கு உள்ளே விட்டாள். அதில் ஒவ்வாமைக் கட்டமே கிடையாது.

திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

மறுபடி கம்பைல் செய்தாள். மறுபடியும் பச்சை.

"என்னக்கா, முகம் வெளிறிப்போச்சு?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"தப்பான சீட்டைச் சரின்னு சொல்லுதுடா."

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான். "ஒரே ஃபோல்டர்ல ரெண்டு ஸ்கீமா கிடக்கே? கம்பைலர் எல்லாத்தையும் பேர் வரிசையில படிக்கும், கடைசியா படிச்சதுதான் செல்லும். யாரு இந்தப் பழசை இங்க போட்டது?"

அவள்தான். போன மாதம் சோதனை எல்லாம் முடிந்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வாமையைக் கட்டாயமாக்காத பழைய கோப்பின் நகலை அங்கேயே வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை கம்பைல் செய்தாள். அதற்குப் பிறகு சோதிக்கவில்லை.

"அப்போ ஆஸ்பத்திரியில இப்ப ஓடுறதும் பழசுதான்..."

"நகலைத் தூக்கிட்டுப் புதுசை அனுப்பு. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒரு மாசமா போன சீட்டை எல்லாம் யாருடா பார்ப்பா?"

நகலை அழித்துவிட்டுச் சோதித்தாள். சிவப்பு எரிந்தது. நிம்மதி வரவில்லை. ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவு எண்ணை அழுத்தினாள்.

"சார், உங்க மருந்துச்சீட்டு ஸ்கீமாவை எழுதுறவ நான். தப்பு என்னோடது. ஒவ்வாமை எழுதாத சீட்டு உங்ககிட்ட வந்திருக்கான்னு உடனே பாருங்க."

"லைன்லயே இருங்கம்மா."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. யாரோ யாரையோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.